ராபர்ட் லவெட்: விமானியா, வங்கியாளரா? எது அவரை உருவாக்கியது?

இறகு எழுதியது:

முதல் உலகப் போர் விமானிகளைப் பற்றி இங்கே பேச்சு எழும்போதெல்லாம், யார் எத்தனை எதிரி விமானங்களை வீழ்த்தினார் என்பதிலேயே நின்றுவிடுகிறோம். அந்தப் பட்டியலில் இடம்பெறாத ஒருவருக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ராபர்ட் ஏ. லவெட், 1895இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில்லில் பிறந்தவர். தந்தை யூனியன் பசிபிக் ரயில்வேயின் தலைவராக இருந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, டிரூபி டேவிசன் என்ற சக மாணவர் திரட்டிய குழுவில் சேர்ந்து லவெட் விமானம் ஓட்டக் கற்றார். டிரூபியின் தந்தை ஜே.பி. மார்கன் வங்கியின் பங்காளி. பையன்கள் லாங் ஐலண்ட் கரையில் சொந்தச் செலவில் கடல் விமானம் ஓட்டிப் பழகினார்கள். 1917 மார்ச் 24 அன்று கடற்படையில் பெயர் பதிந்தார்கள். அமெரிக்கா போரில் இறங்கியது ஏப்ரல் 6இல்தான். அன்றைக்கு அந்தக் கடற்படையிடம் இருந்த பயிற்சி பெற்ற விமானி அதிகாரிகள் ஐம்பது பேருக்கும் குறைவு என்றால், இந்த 29 மாணவர்களின் மதிப்பைப் புரிந்துகொள்ளலாம்.

போருக்குப் பிறகு லவெட் வால் ஸ்ட்ரீட்டில் வங்கியாளர் ஆனார். 1941இல் போர்த்துறையில் விமானப் பிரிவுக்கான உதவிச் செயலர், 1951இல் பாதுகாப்புச் செயலர்.

பெரும்பாலானோர் சொல்லும் கதை, "வங்கிக் கணக்கறிவைப் போருக்குக் கொண்டுவந்தவர்" என்பது. எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. கணக்குப் புத்தி அவருக்கு வந்தது வங்கியில் அல்ல, 1918இல் பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதி வானத்தில்.

பிரான்சின் வடகரையில் உள்ள டன்கெர்க் அருகே பிரிட்டிஷ் கடற்படையின் ஹேண்ட்லி பேஜ் குண்டுவீச்சு விமானங்களில் அவர் இரவுத் தாக்குதல்களுக்குப் போனார். அந்த விமானத்தைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். இறக்கையின் நீளம் முப்பது மீட்டர். வேகமோ மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர்தான். மேலே கூரை இல்லை, உறைய வைக்கும் காற்று. நிலவொளியில் மின்னும் கால்வாய்களைப் பார்த்து வழி கண்டுபிடிக்க வேண்டும். ஜெர்மானியர்கள் கீழிருந்து சுட்ட பச்சைத் தீப்பந்துகள் சரம் சரமாக ஏறி வரும். இலக்கு, ஜெர்மானியர்கள் பிடித்து வைத்திருந்த பெல்ஜியத்தின் புரூஜ் நகரத் துறைமுகம். கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே இருந்தாலும், ஜெர்மன் நீர்மூழ்கிகள் கால்வாய் வழியே சேபிரூகேக்கும் ஆஸ்டெண்டுக்கும் போய்க் கடலில் இறங்கின.

தப்பித்து வந்ததே போதும் என்று வேறு யாரும் படுத்துத் தூங்கியிருப்பார்கள். இந்த இளைஞர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். எந்த நாளிலும் நீர்மூழ்கிகளில் ஒரு பகுதிதான் கடலில் இருக்கும். மற்றவை துறைமுகத்தில் பழுது பார்க்கவும் எரிபொருள் நிரப்பவும் நிற்கும். அப்படியிருக்க, விரிந்த கடலில் அவற்றைத் தேடி அலைவது, கூட்டை விட்டுவிட்டுப் பறக்கும் குளவிகளைத் துரத்துவதுதானே? இன்று ஓர் ஊர், அடுத்த வாரம் வேறோர் ஊர் என்று குண்டு போட்டால் எதிரிக்குச் செப்பனிட நேரம் கிடைத்துவிடும். ஒரே தளத்தை இரவும் பகலும் விடாமல் தாக்க வேண்டும், அதற்கேற்ற விமானங்கள், உதிரிப் பாகங்கள், ஆட்கள் எல்லாம் வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். அமெரிக்கக் கடற்படை வடக்குக் குண்டுவீச்சுப் பிரிவை அமைத்ததற்குப் பின்னால் இந்தச் சிந்தனைக்குப் பெரிய பங்கு உண்டு. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. வங்கி வாசலைக்கூட மிதித்திருக்கவில்லை.

பேரேடு எழுதியது:

அருமையான தொடக்கம், இறகு. நான் வாழ்நாள் முழுவதும் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன் என்பதால் மறுபக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1919இல் லவெட் ஆடெல் பிரவுனை மணந்தார். ஆடெலின் தந்தை பிரவுன் பிரதர்ஸ் என்ற பழைய தனியார் வங்கியின் பங்காளி. லவெட் வேறொரு வங்கியில் எழுத்தராக இருந்துவிட்டு, 1921இல் அங்கே சேர்ந்தார். 1926இல் பங்காளி ஆனார். மாமனார் வங்கி என்று எளிதாகச் சொல்லிவிடலாம்தான். ஆனால் "பங்காளி" என்றால் என்ன என்று யோசியுங்கள். இது பங்குதாரர்களின் பணத்தில் நடக்கும் நிறுவனம் அல்ல. வங்கி கவிழ்ந்தால் பங்காளியின் வீடு, நிலம், சேமிப்பு எல்லாம் கடன்காரர்களுக்குப் போகும். பொறுப்புக்கு எல்லையே கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு கடனும் சொந்த வீட்டை அடகு வைப்பதற்குச் சமம்.

1929 பங்குச் சந்தைச் சரிவு அந்த வங்கியை நன்றாகவே உலுக்கியது. 1931 ஜனவரி 1 முதல் ஹாரிமன் சகோதரர்களின் நிறுவனங்களோடு இணைந்து பிரவுன் பிரதர்ஸ் ஹாரிமன் ஆனது. ஒரு பக்கம் பெயரும் வாடிக்கையாளர்களும், மறுபக்கம் ரயில்வேயில் சேர்த்த மூலதனம். 1933இல் வைப்புத்தொகை வாங்கும் வங்கியும் பங்குப் பத்திர வெளியீட்டுத் தொழிலும் ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது என்று சட்டம் வந்தபோது, அவர்கள் வைப்புத்தொகைப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பளபளப்பான தொழிலை விட்டுவிட்டு மெதுவான தொழிலோடு நின்றார்கள்.

அந்தப் பத்தாண்டுகள்தான் ஆளை உருவாக்கின என்பது என் உறுதியான எண்ணம். புரூஜுக்கான திட்டம் ஒரு புத்திசாலி இளைஞனின் திட்டம். ஆனால் கடன் கேட்டு வருபவர் காட்டும் வரவு செலவை நம்பாமல், நேரில் போய்க் கிடங்கைத் திறந்து பார்க்கும் பழக்கம் தொழிலில்தான் வரும். 1940இல் அவர் செய்தது அச்சு அசலாக அதுதான். அந்த ஆண்டு மே மாதம் அதிபர் ரூஸ்வெல்ட் ஆண்டுக்கு 50,000 விமானங்கள் வேண்டும் என்று அறிவித்தார். லவெட் யூனியன் பசிபிக் வேலையாக மேற்குக் கரைக்குப் போனவர், யாரும் கேட்காமலேயே விமானத் தொழிற்சாலைகளுக்குள் புகுந்து பார்த்தார். மேலாளர்களிடம் மட்டுமல்ல, பட்டறைத் தளத்தில் நின்றவர்களிடமும் பேசினார். இது எண்ணிக்கையில் வெல்லப்போகும் போர், இந்தத் தொழிற்சாலைகளோ தரமான விமானங்களைச் சிறு அளவில் கைவேலையாகச் செய்து பழகியவை என்று அறிக்கை எழுதினார். கடன் அதிகாரியின் கள ஆய்வு அறிக்கை அது, வேறென்ன!

கடலோடி எழுதியது:

இருவரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இரண்டு பேருமே ஒரு கேள்வியைத் தாண்டிப் போகிறீர்கள். புரூஜ் திட்டம் பலித்ததா?

பலிக்கவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. சோதிக்கவே படவில்லை. வடக்குக் குண்டுவீச்சுப் பிரிவுக்கு இத்தாலியிலிருந்து கப்ரோனி விமானங்கள் வந்தன. அவற்றின் எஞ்சின்கள் மோசம், கொண்டுவரும் வழியிலேயே பல விழுந்தன. 1918 ஆகஸ்ட் நடுவில்தான் முதல் கப்ரோனி ஆஸ்டெண்டுக்குப் போனது. அக்டோபரில் ஜெர்மானியர்கள் பெல்ஜியக் கரையைக் காலி செய்துவிட்டார்கள். அவ்வளவுதான் கதை.

அதே யோசனை அடுத்த போரில் சோதிக்கப்பட்டது. பிரான்சின் லோரியாங், சான் நசேர் துறைமுகங்களில் ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்குப் பல மீட்டர் தடிமனான கான்கிரீட் கூரையோடு கொட்டில்கள் கட்டியிருந்தார்கள். 1943 தொடக்கத்தில் பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் திரும்பத் திரும்பத் தாக்கின. லோரியாங் நகரம் தரைமட்டமானது. கொட்டில்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றும் நிற்கின்றன. அட்லாண்டிக்கில் நீர்மூழ்கிகள் தோற்றது, கப்பல் கூட்டங்களுக்கு மேலே நீண்ட தூரம் பறக்கும் விமானங்கள் காவல் நின்றபோது. அதாவது, இறகு சொன்ன பறக்கும் குளவிகளை, அவை கொட்ட வரும் இடத்திலேயே அடித்தபோது.

புரூஜிலும் 1918இலேயே கான்கிரீட் கூரைகள் இருந்தன என்பதை மறக்காதீர்கள். கணக்கு சரி. ஆனால் எத்தனை நீர்மூழ்கிகள் உள்ளே நிற்கின்றன என்று எண்ணியவர், மேலே என்ன கூரை இருக்கிறது என்பதை அந்தக் கணக்கில் எந்த இடத்தில் எழுதினார்? இதற்குப் பதில் சொல்லாமல் 1918இன் லவெட்டை மேதை என்று கொண்டாட என்னால் முடியாது.

இறகு எழுதியது:

கடலோடி அண்ணா, கூரையைப் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. லோரியாங்கை வைத்துப் பார்த்தால் தளத்தை அடிப்பது என்ற இலக்குத் தேர்வு பலன் தரவில்லை என்பதையும் ஏற்கிறேன். ஆனால் அந்தத் திட்டத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. எதை அடிப்பது என்பது ஒன்று. விடாமல் அடிக்க என்ன வேண்டும் என்பது இன்னொன்று. நான் போற்றுவது இரண்டாவதை. ஓர் இரவின் துணிச்சல் போரைத் தீர்மானிக்காது, அடுத்த இரவும் அதே எண்ணிக்கையில் கிளம்ப முடிகிறதா என்பதுதான் தீர்மானிக்கும் என்பதை, தானே அந்த விமானத்தில் உட்கார்ந்து போனவர் சொல்கிறார். இதை மேசையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது.

கருமேகம் எழுதியது:

நான் விமானப்படையில் தரைப்பணியில் இருந்தவன். எஞ்சின் பிரிவு. இறகு சொன்ன இந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

படைக்கு எத்தனை விமானங்கள் என்று செய்தித்தாளில் போடுவார்கள். விடியற்காலையில் எங்கள் பலகையில் இருக்கும் எண் வேறு. நிற்கும் விமானங்களில் எது பறக்கும், எது பழுதில் இருக்கிறது, எது ஒரே ஒரு பம்புக்காகக் காத்திருக்கிறது என்று தனித்தனியாக எழுதியிருப்போம். ஒரு சின்ன ரப்பர் வளையம் வராததால் மொத்த விமானமும் துணி போர்த்தி நிற்கும். பக்கத்து விமானத்திலிருந்து கழற்றிப் போட்டால் இது பறக்கும், அது படுத்துவிடும். எழுதும் கணக்கில் நேர்மை இல்லாவிட்டால், மேலே இருப்பவர் இல்லாத விமானங்களை நம்பித் திட்டம் போடுவார்.

லவெட் உதவிச் செயலர் ஆனபோது அமெரிக்க விமானப்படையில் இந்தக் கணக்கே சரியாக இல்லை. எத்தனை விமானம், எங்கே, எத்தனை விமானிகள், எந்த உதிரிப் பாகம் எந்தக் கிடங்கில் என்று உறுதியாகச் சொல்ல ஆள் இல்லை. டெக்ஸ் தார்ன்டன் என்ற இளைஞரை அவர் அடையாளம் கண்டு, புள்ளியியல் கட்டுப்பாட்டுப் பிரிவை வளர்க்கத் துணை நின்றார். 1942இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் அதற்கென்றே அதிகாரிகளுக்குப் பயிற்சி தொடங்கியது. ஒரே வடிவப் படிவம், ஒரே நேரத்தில் அறிக்கை, எல்லாத் தளங்களிலிருந்தும். கேட்பதற்குச் சலிப்பூட்டும் வேலை. ஆனால் 24 லட்சம் பேர் வரை வளர்ந்த ஒரு படையை வேறு எப்படி நடத்துவது? 1944இல் மட்டும் அமெரிக்கா சுமார் 96,000 விமானங்கள் கட்டியது. அவற்றுக்கு டயரும் தீப்பொறிச் செருகியும் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தவர்களுக்கு எந்த நகரத்திலும் சிலை இல்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

விமானியா, வங்கியாளரா என்று கேட்டால், எங்கள் பலகையைப் புரிந்துகொண்ட முதல் பெரிய அதிகாரி என்பேன். அதற்கு இரண்டு தொழிலும் வேண்டும்.

கடலோடி எழுதியது:

கருமேகம் ஐயா, இப்படி ஒரு பதிவுக்காகத்தான் இந்த மன்றத்துக்கு வருகிறேன். நன்றி.

இறகுக்கு ஒரு தகவல், உங்கள் வாதத்துக்கே உதவும். 1943இல் பகல் நேரக் குண்டுவீச்சு விமானங்கள் துணைப் போர் விமானங்கள் இல்லாமலேயே ஜெர்மனிக்குள் போய் வந்துவிடும் என்பதுதான் விமானப்படைத் தளபதிகளின் வேதம். அந்த ஜூன் மாதம் லவெட் இங்கிலாந்து போனார். தளங்களில் விமானிகளிடம் பேசினார். திரும்பி வந்து, நீண்ட தூரத் துணைப் போர் விமானம் உடனே வேண்டும், கூடுதல் எரிபொருள் தொட்டிகள் வேண்டும் என்று விமானப்படையின் தலைமைத் தளபதி ஆர்னால்டிடம் வலியுறுத்தினார். ஆர்னால்டும் அதன்பின் தன் ஆட்களை விரட்டினார். அப்படியும் தாமதம்தான். அக்டோபர் 14இல் ஜெர்மனியின் ஷ்வைன்பர்ட் நகர் மீது போன 291 குண்டுவீச்சு விமானங்களில் 60 திரும்பவில்லை. ஒவ்வொன்றிலும் பத்துப் பேர். பி-51 முஸ்டாங் என்ற நீண்ட தூரத் துணைப் போர் விமானம் டிசம்பரில் வந்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது.

தான் நம்பிய குண்டுவீச்சுக் கொள்கையின் குறையைத் தானே எடுத்துச் சொன்னார் என்பதால், 1918ஐ விட 1943இல் அவர் மீது எனக்கு மதிப்பு அதிகம்.

நித்திலம் எழுதியது:

எல்லாப் பதிவுகளையும் இரண்டு முறை படித்தேன். நிறையக் கற்றுக்கொண்டேன். ஆனால் ஒரு கனம் மனத்தில் ஏறிக்கொண்டே போகிறது.

உதிரிப் பாகங்களை எண்ணினார்கள். திரும்பாத விமானங்களை எண்ணினார்கள். கீழே இருந்தவர்களை எந்தப் படிவத்தில் எண்ணினார்கள்? கடலோடி அண்ணா லோரியாங் தரைமட்டமானது என்று ஒரு வரியில் எழுதிவிட்டுக் கான்கிரீட்டுக்குப் போய்விட்டார். 1945 மார்ச் 9, 10 இரவில் டோக்கியோவில் எரிந்து இறந்தவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். அன்று விமானப் பிரிவின் உதவிச் செயலர் இதே லவெட்தான். அவர் அந்தத் தாக்குதலுக்கு ஆணையிடவில்லை என்று சொல்வீர்கள், தெரியும். அது தளபதிகளின் வேலை. ஆனால் விடாமல் அடிப்பதற்கான இயந்திரத்தைக் கட்டியவர்களில் அவர் முதன்மையானவர் என்று நீங்களே நான்கு பதிவுகளாக நிறுவியிருக்கிறீர்கள். இயந்திரத்துக்குக் கிடைக்கும் பெருமை அவருக்கு என்றால், அது செய்ததில் பங்கும் அவருக்கு உண்டு.

அவரை அரக்கன் என்று சொல்லவில்லை. அவர் வானத்தில் அனுபவித்த குளிரையும் பயத்தையும் இவ்வளவு நெருக்கமாகப் பேசும் நாம், தரையில் இருந்தவர்களையும் அதே நெருக்கத்தில் பேச வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

பேரேடு எழுதியது:

சகோதரி நித்திலம், உங்கள் பதிவைப் படித்துவிட்டு உடனே பதில் எழுதக் கை வரவில்லை. தட்டிக்கழிக்க விரும்பவில்லை.

கடன் பிரிவில் ஒரு விஷயத்தைப் பார்த்திருக்கிறேன். படிவத்தில் எதற்குக் கட்டம் இருக்கிறதோ அதைத்தான் மனிதர்கள் பார்ப்பார்கள். ஒரு தொழிற்சாலைக்குக் கடன் கொடுக்கும்போது இயந்திரம், இருப்பு, வரவேண்டிய பாக்கி எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. அதன் கழிவுநீர் எந்த ஆற்றில் விழுகிறது என்பதற்கு என் காலத்தில் கட்டம் இருந்ததில்லை. அதனால் நாங்கள் கெட்டவர்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் ஆறு கெட்டது.

லவெட்டின் முறைக்கும் அந்தக் குறை உண்டு. அதோடு, அந்த முறை அவரோடு நிற்கவில்லை. தார்ன்டனின் குழுவில் இருந்த பத்துப் பேர் 1946இல் ஒன்றாக ஃபோர்டு கார் நிறுவனத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அதில் ஒருவர் ராபர்ட் மெக்னமாரா. 1960 டிசம்பரில், அதிபராகத் தேர்வாகியிருந்த கென்னடி லவெட்டை அழைத்து, வெளியுறவு, பாதுகாப்பு, கருவூலம் மூன்றில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். லவெட் தன் உடல்நிலையைச் சொல்லி மூன்றையும் மறுத்தார். குடல்புண் அவரைப் பல ஆண்டுகளாக வாட்டியிருந்தது. மாறாக, பாதுகாப்புக்கு அவர் சிபாரிசு செய்த பெயர் மெக்னமாரா. வெளியுறவுக்கு டீன் ரஸ்க். வியட்நாம் போரை இந்த இருவரும் எப்படி நடத்தினார்கள், கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கையையே வெற்றியின் அளவாக வைத்த கணக்கு எங்கே கொண்டுபோய் விட்டது என்பது எல்லோருக்கும் தெரியும்.

கருமேகம் எழுதியது:

பேரேடு ஐயா, மெக்னமாராவின் தவற்றை லவெட் தலையில் ஏற்றுவது அதிகம் என்று படுகிறது.

லவெட் இங்கிலாந்து போய் விமானிகள் வாயால் கேட்டார். மேற்குக் கரையில் பட்டறைத் தளத்தில் நின்றார். 1918இல் தானே விமானத்தில் ஏறினார். மெக்னமாராவும் வியட்நாமுக்குப் பலமுறை போனார், மறுக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே எழுதிய எண்ணைச் சரிபார்க்கப் போவது வேறு, அந்த எண் பொய்யாக இருக்கலாம் என்று தெரிந்து போவது வேறு. எங்கள் பலகையில் பொய் எழுத எத்தனை வழி இருக்கிறது என்பது அதன் முன்னால் நின்றவனுக்குத்தான் தெரியும்.

நித்திலம் எழுதியது:

கருமேகம் ஐயா சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அவர் போய்ப் பேசிய எல்லோருமே நம் பக்கத்து ஆட்கள்தானே? விமானிகள், தொழிலாளிகள், தளபதிகள். டோக்கியோவில் பட்டறைத் தளம் இருந்த தெருவில் யாரும் போய்க் கேட்க முடியாதுதான். முடியாது என்பதாலேயே அங்கே இருந்தவர்கள் கணக்கில் இல்லாமல் போனார்கள். இதில் நான் இறங்கி வரப்போவதில்லை, மன்னியுங்கள்.

இறகு எழுதியது:

மன்னிக்க ஒன்றுமில்லை, அக்கா. இந்த இழையில் உங்கள் பதிவுகள் இல்லாவிட்டால் நாம் ஒரு துதிபாடலை எழுதி முடித்திருப்போம்.

தொடக்கத்தில் நான் வைத்த கேள்விக்கு இப்போது என் நிலை இதுதான். அடுத்த இரவும் கிளம்ப முடியுமா என்ற கேள்வி அவருக்கு வானத்தில்தான் கிடைத்தது, அதை விட்டுக்கொடுக்கமாட்டேன். அதற்கு நம்பகமான பதில் வாங்கும் வழியைப் பேரேடு ஐயா சொன்னபடி வங்கி கொடுத்தது. நித்திலம் அக்கா கேட்கும் கேள்வியை அந்த இரண்டு இடங்களுமே அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

இன்னொன்றையும் பேச வேண்டும். இப்படிப் போனவர் லவெட் ஒருவர் மட்டுமல்ல. 1940இல் அவருடைய அறிக்கை மேலே போக உதவிய ஜேம்ஸ் ஃபாரஸ்டலும் முதல் போரில் கடற்படை விமானிப் பயிற்சி பெற்றவர், பிறகு டில்லன் ரீட் நிறுவனத்தில் பத்திரம் விற்றுத் தலைவராக உயர்ந்தவர். யேல் குழுவிலேயே ஆர்ட்டிமஸ் கேட்ஸ் இருந்தார். ஆஸ்டெண்டுக்கு அருகே கடலில் விழுந்த ஒரு ஹேண்ட்லி பேஜ் விமானத்தின் ஆட்களை, கரையிலிருந்து பீரங்கி சுட்டுக்கொண்டிருக்கும்போதே கடல் விமானத்தை இறக்கி மீட்டவர். 1918 அக்டோபரில் ஜெர்மானியர்களிடம் சிறைப்பட்டார். பிறகு நியூயார்க் டிரஸ்ட் கம்பெனியின் தலைவர். லவெட் தரைப்படை விமானங்களைப் (அப்போது விமானப்படை தரைப்படையின் ஒரு பகுதி) பார்த்துக்கொண்ட அதே 1941இல் கடற்படை விமானங்களுக்கான உதவிச் செயலர் பதவியில் கேட்ஸ் உட்கார்ந்தார். ஒரே கல்லூரிக் குழுவிலிருந்து வந்த இரண்டு வங்கியாளர்களிடம் ஒரு நாட்டின் விமானப் பலம் முழுவதும் போயிருக்கிறது.

குழுவைத் தொடங்கிய டிரூபிக்கு மட்டும் போர் வாய்க்கவில்லை. 1917 ஜூலையில் தகுதித் தேர்வுக்காகப் பறந்தபோது விமானம் கடலில் விழுந்து முதுகெலும்பு முறிந்தது. நண்பர்கள் அவரில்லாமல் ஐரோப்பாவுக்குப் போனார்கள். அவர்களில் ஸ்டர்டெவன்ட், ரீட், மெக்லீஷ் மூவரும் திரும்பவில்லை.

கடலோடி எழுதியது:

கேட்ஸைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள், இறகு. மீட்புச் சம்பவத்தின் பின்னணிக்கு டன்கெர்க் கடல் விமான தளத்தைப் பற்றி என்னிடம் உள்ள குறிப்புகளைத் தருகிறேன். பேரேடு ஐயா அந்த டிரஸ்ட் கம்பெனி என்ன தொழில் செய்தது என்பதை விளக்க வேண்டும். நித்திலமும் கட்டாயம் வர வேண்டும்.